அம்மாவின் முழங்காலுக்கு கம்ப்யூட்டர் அவசியமா?

திருமங்கலத்தில் மதுரை பஸ் ஏறும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் படியில் கால் வைக்கும்முன் கம்பியைப் பிடித்தபடி ஒரு நொடி நிற்பார்கள். மூட்டுத் தேய்மானம். ஒருநாள் 'ஆபரேஷன்தான் வழி' என்பார் டாக்டர். கூடவே, 'சாதாரணமா பண்ணலாமா, கம்ப்யூட்டர் நேவிகேஷன்ல பண்ணலாமா?' என்ற கேள்வியும் வரும். இரண்டாவதுக்கு பில் கூடும். அந்தக் காசு எதுக்கு?

இடுப்பு மூட்டின் மையம், முழங்கால், கணுக்கால் மூன்றும் நேர்கோட்டில் வருவதுபோல எலும்பைச் சீவ வேண்டும். வழக்கமான முறையில், தொடை எலும்புக்குள் நீளமான கம்பியைச் செலுத்தி அதை வைத்துக் கோணம் பார்ப்பார்கள். நேவிகேஷனில் அந்தக் கம்பி கிடையாது. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் பின் பொருத்தி, அதன்மேல் இருக்கும் சென்சாரை இன்ஃப்ராரெட் கேமரா கவனிக்கும். டாக்டர் காலைச் சுழற்றினால் இடுப்பின் மையத்தை கம்ப்யூட்டரே கணக்கிட்டு, கோணத்தை டிகிரியில் காட்டும். கூகுள் மேப் மாதிரிதான், வண்டியை ஓட்டுறது டாக்டர். 1997-லேயே பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் செய்துவிட்டார்கள். அதனால 'லேட்டஸ்ட்' என்றால் லேசாகச் சிரித்துக்கொள்ளலாம்.

பலன் உண்டா? 3 டிகிரிக்கு மேல் பிசகும் கால்கள் குறைகின்றன, அது உறுதி. ஆனால் வலி, நடை, படி ஏறுவது என்று பார்த்தால், பல வருடம் தொடர்ந்த ஆய்வுகள் பலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. 65 வயதுக்குக் குறைவானவர்களுக்கு மறு ஆபரேஷன் குறைவு என்கிறது ஆஸ்திரேலியாவின் மூட்டுமாற்றுப் பதிவேடு. எப்போதோ தொடை எலும்பு முறிந்து வளைந்திருந்தாலோ, உள்ளே பிளேட் இருந்தாலோ கதையே வேறு. கம்பி போக வழியில்லாத அந்தக் கால்களுக்குத்தான் கம்ப்யூட்டர் நிஜமாவே தேவை.

இப்போ பில். ஆகஸ்ட் 2017-ல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது, ஜி.எஸ்.டி தனி. ஆனால் வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். ஆபரேஷன் கட்டணத்துக்கோ, நேவிகேஷன் கட்டணத்துக்கோ கிடையாது. 'பேக்கேஜ்' என்று ஒரே தொகையாகச் சொன்னால், எது எவ்வளவு என்றே தெரியாது.

அதனால அட்வான்ஸ் கட்டும்முன் மூட்டின் விலை, நேவிகேஷன் கட்டணம் இரண்டையும் தனித்தனியா எழுதி வாங்குங்கள். 'எங்கம்மா காலுக்கு இது ஏன் வேணும்?'னு டாக்டரிடம் நேரா கேளுங்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால், மூட்டு மாற்று அதில் வருமா என்று அரசு மருத்துவமனையில் விசாரித்த பிறகு லோன் ஆப்பைத் திறக்கலாம்.