காத்தா, ஆவியா, அலையா?

'பூமி ஏன் ஆடுது?'ன்னு கேட்டா, இன்னிக்கு ஸ்கூல் பசங்ககூட 'ப்ளேட் டெக்டானிக்ஸ்'னு பட்டுனு சொல்லிடுவாங்க. ஆனா, அதுக்கு முன்னாடி மனுஷன் சொன்ன பதில்கள் இருக்கே... செம சுவாரஸ்யம் பாஸ்!

பூமிக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துதான் காரணம்னார் அரிஸ்டாட்டில். உடம்புக்குள்ள வாயு சேர்ந்தா நடுக்கம் வர்ற மாதிரினு உதாரணம் வேற! அந்தத் தியரி கிட்டத்தட்ட 2,000 வருஷம் ஓடுச்சு. 1700-ல பிரான்ஸ் கெமிஸ்ட் நிக்கோலா லெமெரி இரும்புத்தூள், கந்தகம், தண்ணி மூணையும் பிசைஞ்சு மண்ணுக்குள்ள புதைச்சார். அது சூடாகி, மண்ணைப் பிளந்துக்கிட்டு எரிஞ்சுது. 'இதேதான் பூகம்பம்'னுட்டார்!

1755 நவம்பர் 1... போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பன். பண்டிகை நாள், சர்ச்சுகள்ல கூட்டம். பூகம்பம், சுனாமி, தீ மூணும் ஒரே நாள்ல! ஆயிரக்கணக்கான உயிர்கள் போச்சு. 'இது பாவத்தோட சம்பளம்'னு பிரசங்கம் நடந்தப்போ, மந்திரி பொம்பால் வேற ரூட் எடுத்தார். ஊர் ஊரா கேள்வித்தாள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடுச்சு? எத்தனை பேர் செத்தாங்க? கடல் முதல்ல உள்வாங்குச்சா, பொங்குச்சா?

இங்கிலாந்துல ஜான் மிச்செல், எந்த ஊர்ல எப்போ ஆடுச்சுங்கிற தகவல்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். நடுக்கம் பூமிக்குள்ள அலையா பரவுது, வேகம் நிமிஷத்துக்கு 20 மைலுக்கும் மேலன்னு 1760-ல எழுதினார். நிஜ வேகம் இன்னும் பல மடங்கு அதிகம். அலையைக் கிளப்புறது பாதாள நெருப்புல தண்ணி பட்டு வர்ற நீராவின்னு அவர் சொன்னதும் தப்பு. ஆனா, 'அலை' சூப்பர் ஹிட்!

சரியான காரணம் கிடைக்க இன்னும் 150 வருஷம் ஆச்சு. 1906 சான்ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தை அலசின ஹாரி ரீட், 'பாறைகள் ரப்பர் மாதிரி வளைஞ்சு, தாங்க முடியாம உடைஞ்சு, சட்டுனு நிமிருது. அந்த உதறல்தான் இது'ன்னு 1910-ல விளக்கினார்.

அதுவரைக்கும் லிஸ்பன் காத்திருந்துச்சா என்ன? சுவருக்குள்ள குறுக்கும் நெடுக்குமா மரச்சட்டம் வெச்சு, ஆட்டத்துக்கு ஈடுகொடுக்குற வீடுகளை அப்பவே கட்டிட்டாங்க. ஏன் ஆடுதுனு தெரியலை. எப்படி ஆடுதுனு பார்த்தாங்க, அவ்வளவுதான்!

எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு ஆடும்னு இன்னிக்கும் யாராலயும் சொல்ல முடியாது. விழாத கட்டடம் கட்ட முடியும். என்ன சிவில் மக்களே, ரெடியா?