ஜமக்காளம் வாங்கும் முன் ஒரு கேள்வி



வல்வில் ஓரி விழாவுக்கு வீட்டில் கூட்டம் சேரும் என்று இரண்டு ஜமக்காளம் வாங்கினேன். கூடுதுறைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு கடையில், "பவானி ஜமக்காளம்ங்க" என்று கொடுத்தார்கள். விலை குறைவு. எனக்குப் பெருமை தாளவில்லை.

அப்படியே, என்னிடம் படித்து பவானிக்கு வாழ்க்கைப்பட்ட மாணவி வீட்டுக்குப் போனேன். அவள் மாமனார் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். என் கட்டைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தார். "எத்தனைக்குங்க வாங்குனீங்க சார்?" என்றார். சொன்னேன். "இது விசைத்தறிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டார். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஈரானில் காஷான் நகரத்துக் கம்பள நெசவை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகச் சேர்த்தது. அங்கே தாயிடமிருந்து மகள் கற்கிறாள். நம் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது 2005-06இல் கிடைத்தது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுப் பேரன் தறிப்பக்கம் வருவதில்லை. நாள் முழுக்கக் குழியில் கால் வைத்து உழைத்தும் கூலி கட்டாத தொழிலுக்கு அவன் ஏன் வர வேண்டும்?

"மலிவாக வாங்குவது குற்றமா சார்?" என்பீர்கள். இல்லை. பெயரைத் திருடி விற்பதுதான் குற்றம். எங்கோ விளைந்த மிளகைக் 'கொல்லிமலை மிளகு' என்று விற்றால் நமக்கு எப்படி வலிக்கும்? அதே வலிதான் அவர்களுக்கும். சட்டமும் குறியீடும் கடை வாசல் வரைதான் வரும். உள்ளே போய்க் கேட்க வேண்டியது நாம்தான்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். கல்யாணமோ காதுகுத்தோ, ஜமக்காளம் வாங்கினால் கோ-ஆப்டெக்சிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். வேறு கடை என்றால், "கைத்தறி முத்திரை எங்கே?" என்று கேளுங்கள். இரண்டு வாங்க முடியாவிட்டால் ஒன்று போதும். நல்ல கைத்தறி ஜமக்காளம் பல வருடம் உழைக்கும்.

இத்தனை வருடம் உங்களைக் 'கேள்வி கேளுங்கள்' என்று சொன்ன வாத்தியார், அன்று கடையில் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.