உங்கள் படம் எந்த ரகம்?

ஆண்டு விழாவுக்குக் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? கையில் அப்பாவின் செல்போன் இருக்கிறது. நடிக்க நாலு நண்பர்கள் இருக்கிறார்கள். சரி, என்ன படம்?

"பேய்ப்படம் சார்!"

அதானே பார்த்தேன்! எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் இதுதான் முதல் பதில். சென்ற ஆண்டு காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள ஓரிக்கைக்குப் போய், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலருடன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நாலு குழு; நாலு கதை. மூன்றில் பேய். அந்த மூன்றிலும் வெள்ளைப் புடவை, கிரீச்சிடும் கதவு. "இந்தப் பேயை ஓரிக்கையில் யார் பார்த்தது?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்தது சினிமாவில்தான்!

நான் பேய்க்கு விரோதி இல்லை. ஆனால் எந்த ரகப் படம் எடுப்பது என்பதைக் கடைசியாகப் பார்த்த சினிமாவை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வேன். ஜானர், ஜானர் என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை. 'இந்தப் படத்தைப் பார்க்கும்போது சிரிக்கத் தயாராக இரு', 'பயப்படத் தயாராக இரு', 'இது நிஜம், நம்பு' என்று பார்க்கிறவருக்கு நீங்கள் முதலிலேயே கொடுக்கும் வாக்கு. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் கையில் சரக்கு வேண்டும். சரக்கு எங்கே கிடைக்கும்? தேடினால் கிடைக்கும்.

ஓரிக்கைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ அரசன் அவரைக் கூப்பிட்டுத் தன்னைப் பற்றிப் பாடச் சொல்கிறான். அவர் மறுக்கிறார். 'ஊரை விட்டுப் போ' என்கிறான் அரசன். சீடர் கிளம்ப, பின்னாலேயே குருவும் கிளம்புகிறார். போகிறவர் சும்மா போகவில்லை. கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். அவரும் எழுந்து வருகிறார்! மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பது கதை. பிறகு அரசன் மன்னிப்புக் கேட்க, எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள். சொன்னபடி கேட்டதால் அந்தப் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

இதை எத்தனை ரகமாக எடுக்கலாம், யோசியுங்கள். விடியற்காலையில் அர்ச்சகர் கதவைத் திறக்கிறார். உள்ளே படுத்திருந்தவரைக் காணோம்! இப்படித் தொடங்கினால் துப்பறியும் படம். படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெருமாள் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார் என்று தொடங்கினால் சிரிப்புப் படம். 'பாட மாட்டேன்' என்று ஒருவர் அரசனின் முகத்துக்கு நேரே சொல்லும் இடத்தில் தொடங்கினால், அது கவிஞனுக்கும் அதிகாரத்துக்கும் நடக்கும் சண்டை. கதை ஒன்றுதான். கேமராவை எங்கே வைத்துத் தொடங்குகிறோம் என்பதில் ரகம் மாறிவிடுகிறது.

சினிமா பிறந்தபோது இந்த ரகங்களுக்குப் பெயரே கிடையாது. பிரான்ஸ் நாட்டில் லூமியேர் சகோதரர்கள் 28.12.1895 அன்று பாரீசில் காசு வாங்கிக்கொண்டு பத்துப் படங்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. அதில் ஒன்று, அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவது. அவ்வளவுதான் படம்! இன்னொன்றில் தோட்டக்காரர் ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பொடியன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. ஏன் வரவில்லை என்று அவர் குழாய்க்குள் எட்டிப் பார்க்க, பொடியன் காலை எடுக்க... சர்ர்ர்! முகமெல்லாம் தண்ணீர். அப்போதே ஒன்று ஆவணப் படம், இன்னொன்று நகைச்சுவைப் படம். இரண்டும் அவர்கள் வீட்டு வாசலில், தோட்டத்தில் கிடைத்தவை. தொழிற்சாலை வாசலை மட்டும் அவர்கள் மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் 'ஓகே' என்று போனை மூடிவிடும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

சரி, ஓரிக்கையின் நாலாவது குழுவுக்கு வருவோம். அவர்கள் பேய் பக்கம் போகவில்லை. "நெசவாளி படம் எடுக்கிறோம் சார். ரொம்ப சோகம். கடைசியில அழ வெச்சிடுவோம்" என்றார்கள். அந்தக் குழுவில் ஒரு மாணவனின் வீட்டிலேயே தறி இருக்கிறது.

நெசவாளி என்றவுடன் ஏன் சோகம்? காரணம் இருக்கிறது. பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' அவர்கள் நினைவில் இருந்தது. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியின் பட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும் நெசவாளியின் கதை. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகவும், பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகராகவும் தேர்வானார்கள். நல்ல படம், நெஞ்சைப் பிசையும். ஆனால் அது சுதந்திரத்தை ஒட்டிய காலத்துக் கதை. அதையே எட்டு நிமிடத்தில் திரும்ப எடுப்பதற்கு நீங்கள் எதற்கு?

நான் சொல்வதற்கு முன்னால் தறி வீட்டுத் தாத்தாவே கேட்டுவிட்டார். "ஏன்டா, எங்களைப் பார்த்தா அழுமூஞ்சியாவா இருக்கு? நாங்க சிரிக்கிறதே இல்லையா?" பேரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வீட்டைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தவன், வீட்டை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் கதையை எழுதி முடித்திருந்தான்.

அன்று சாயங்காலம் நோட்டும் பேனாவுமாகக் குழு முழுவதும் தறிக்கு முன்னால் உட்கார்ந்தது. போனை எடுக்கக் கூடாது என்பது மட்டும் நான் போட்ட நிபந்தனை. எடுத்துவிட்டால் கண் வேலை செய்யாது.

எழுதியது என்ன என்று கேளுங்கள். குழித்தறி. நெசவாளி குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். மழைக் காலத்தில் குழியில் ஈரம் ஏறிவிடும், சில நாள் தண்ணீரே ஊறிவிடும், வேலை நடக்காது. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. உடலும் கரையும் சேரும் இடத்தில் நூலோடு நூல் கோக்க வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் வராவிட்டால் தறி நின்றுவிடும்.

அடடா! எட்டு நிமிடப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நாளைக்குப் புடவை கொடுத்தாக வேண்டும்; பக்கத்து ஆள் வரவில்லை. இது சிரிப்புப் படமாகலாம்: தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பிடித்து உட்கார வைக்கிறார், ஒவ்வொருவரும் ஒரு விதமாகக் கெடுக்கிறார்கள். பரபரப்புப் படமும் ஆகலாம்: கடிகாரம் ஓடுகிறது, தறிச் சத்தம் நின்றிருக்கிறது. நம் குழு சிரிப்புப் படம் என்று கைதட்டி முடிவு செய்தது.

அப்போதுதான் ஆயா பேச ஆரம்பித்தார். "எட்டு வயசுல என்னைத்தான் அந்தப் பக்கம் உக்கார வெச்சாங்க" என்றார். கால் எட்டாததால் கீழே பலகை போட்டார்களாம். தூங்கித் தூங்கி விழுந்து நாடாவை எங்கேயோ விட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் இருந்த ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு என்ன பண்ணீங்க ஆயா?"

ஆயா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

இது பழைய கதைதான். ஆனால் ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பிள்ளைகளை உட்கார வைப்பது ஒரு காலத்தில் சாதாரணம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த விலக்கு சரியா, தப்பா? குழுவுக்குள் பெரிய சண்டையே நடந்தது. தறி வீட்டுப் பையன், "நான் லீவு நாள்ல தார் சுத்தித் தர்றேன், அது தப்பா?" என்று கேட்டான். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஆயா பேசியதைக் கேட்ட பிறகும் அதே சிரிப்புப் படத்தை எடுக்க முடியுமா? முடியும் என்றான் ஒருவன். ஆயாவே சிரிக்கிறாரே என்றான். முடியாது என்றாள் கேள்வி கேட்டவள். என் கட்சி? சிரிக்க வைக்கலாம், ஆனால் அந்தக் கேள்வியையும் அதற்குப் பிறகு வந்த மௌனத்தையும் வெட்டி எறிந்துவிட்டுச் சிரிக்க வைக்கக் கூடாது. ரகத்துக்காக உண்மையை நறுக்குவது, அளவு சரியில்லை என்று காலை வெட்டிச் செருப்பில் நுழைப்பது மாதிரி.

தேடுவதில் இன்னொரு பாதி, அதே ரகத்தில் மற்றவர்கள் எடுத்த நல்ல படங்களைப் பார்ப்பது. பார்ப்பது என்றால் பாப்கார்னோடு அல்ல! ஒரு தரம் சும்மா பாருங்கள். இரண்டாம் தரம் நோட்டோடு பாருங்கள்: முதல் சம்பவம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது? பேச்சு எத்தனை வரி? சத்தம் எங்கே நிற்கிறது?

எதைப் பார்ப்பது? சத்யஜித் ரே 1964-ல் எடுத்த 'டூ'. பங்களாவுக்குள் பொம்மைகளோடு ஒரு பையன், வெளியே குடிசைப் பக்கம் புல்லாங்குழலோடு ஒரு பையன். இரண்டு பேர்தான், ஒரு வசனமும் இல்லை. இருவருக்கும் நடக்கும் போட்டியைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும். ஆல்பர்ட் லாமோரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1956-ல் எடுத்த 'சிவப்பு பலூன்', 34 நிமிடம். ஒரு பலூன் நாய்க்குட்டி மாதிரி ஒரு பையன் பின்னால் சுற்றுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஈரான் நாட்டு அப்பாஸ் கியாரோஸ்தமி 1970-ல் எடுத்த முதல் படம், 'ரொட்டியும் சந்தும்'. பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். சந்தில் ஒரு நாய் நிற்கிறது, குரைக்கிறது. போக முடியவில்லை. பத்தே நிமிடப் படம்தான், ஆனால் அந்தப் பையனோடு சேர்ந்து நமக்கும் அடிவயிறு கலங்கும். பேய்ப்படக் குழுக்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டினேன். பயம் காட்ட வெள்ளைப் புடவை வேண்டாம். ஒரு நாயும் ஒரு சந்தும் போதும்! பார்த்துவிட்டு ஒரு குழு பேயைக் கைவிட்டது. இன்னொரு குழு, "பாட்டி சொன்ன புளியமரத்துப் பேயையே விசாரிச்சு எடுக்கிறோம்" என்றது. அதுவும் சரிதான். மூன்றாவது குழு அசையவே இல்லை. வெள்ளைப் புடவை வாங்கியாகிவிட்டதாம்!

தறி வீட்டில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டுவிட்டு எடுங்கள். தறியில் இருக்கும் டிசைன் புதிதாக இருக்கலாம். வெளியே போனால் வேறு யாராவது போட்டுவிடுவார்களோ என்ற பயம் நெய்கிறவருக்கு இருக்கும். 'இதை எடுக்காதே' என்றால் கேமராவை அவர் கைப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கையே ஆயிரம் கதை சொல்லும். தரையில் விரித்த பாவைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒரு நூல் அறுந்தால் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆயா பேசியதைப் படத்தில் வைக்கலாமா என்று ஆயாவிடம்தான் கேட்க வேண்டும், பேரனிடம் அல்ல.

நம் குழு மறுநாள் போய்க் கேட்டது. ஆயா, "யோசிச்சு சொல்றேன்" என்றார். தாத்தாவோ வேறு கணக்குப் போட்டிருந்தார். "இந்தப் புடவை புதன்கிழமை அறுத்துடும். வியாழக்கிழமை புதுப் பாவு பிணைக்கிறோம். ஒவ்வொரு இழையா பழசோட புதுசைத் திரிக்கணும்டா, ஆயிரக்கணக்குல. அதைப் பார்க்காம என்ன படம் எடுப்பீங்க?"

வியாழக்கிழமை பள்ளி இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு மேல் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் 'ரகம்' என்று எழுதி, எதிரே போட்டிருந்த 'சோகம்' அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் 'காமெடி', அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. அடுத்து ஒரு கேள்விக்குறி.