பேருந்து போனது, பெட்டகம் போகவில்லை!

பசுமலைச் சாலையில் மதுரைக்குள் ஓடும் நகரப் பேருந்துகள் அரசுக்குச் சொந்தமானவை. முன்பு மதுரையில் ஓடியவை டி.வி.எஸ். வண்டிகள். 1972-இல் அரசு அவற்றை ஏற்றபோது, முதலாளியின் முதுகெலும்பு முறிந்ததென்று மார்தட்டினோர் பலர். முறிந்ததா?

1911-இல் சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அது. பேருந்தில் வந்த பொருள் பேருந்திலேயே தங்கவில்லை. வண்டி விற்பனை ஒருபுறம். 1954-இல் வண்டி வாங்கக் கடன் தரும் சுந்தரம் பைனான்ஸ். 1962-இல் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டன். ஒரு கிளை வெட்டுண்டால் மறு கிளை தாங்கும்! மக்கள் ஆளுக்கொரு தொழிலைக் கவனித்தனர். கூட்டுடைமையோ 2022-இல்தான் கிளைகளுக்கெனப் பிரிந்தது. உழைப்பும் திறமையும் உண்டு, மறுப்பாரில்லை.

ஆனால், "இடரைத் துணிந்து ஏற்பவனுக்கே இலாபம்" என்று முதலாளிமாருக்காக வாதாடுவோரைக் கேட்கிறேன்: எங்கே அந்த இடர்? கம்பெனி நொடித்தால் போட்ட பங்கோடு பொறுப்புத் தீர்ந்தது, சட்டமே அரண்! ஆலை மூடினால் தொழிலாளிக்கு எது அரண்? அவன் முதலீடு இரு கைகள். அவன் காப்புநிதி மனைவியின் தாலி, அதுவும் அடகுக்கடையில்!

இறந்தவர் சொத்தின்மீது 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985-இல் ஒழிந்தது. செல்வ வரி 2015-இல் போயிற்று. (ஒழித்த கட்சிகள் வேறு, மகிழ்ந்த மாளிகைகள் ஒன்றே.) வசூல் சொற்பமாம்! பானை ஒழுகினால் ஓட்டையை அடைப்பார்களா, பானையை உடைப்பார்களா? தீப்பெட்டி வாங்கும் ஏழையிடம் வரி பெற மட்டும் அரசுக்கு அலுப்பில்லை!

வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், பரம்பரைச் சொத்துக்கு வரி எப்போது என்று கேளுங்கள்.