விழுப்புரம் காட்டும் வழி

கட்டற்ற மென்பொருளின் பெருமையைப் பற்றி நமது நாட்டில் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அதைப் புதிதாகக் கைக்கொள்ள விரும்பும் ஒருவனின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஒரு மாதம் அவனுக்குத் துணை நிற்பவர்கள் மிகச் சொற்பம். இக்குறையை நீக்குவதற்கு விழுப்புரத்து இளைஞர்கள் செய்துவரும் தொண்டைத் தமிழ்நாடு முழுவதும் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

1983-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து எழுந்ததே குனு/லினக்ஸ் இயங்குதளம். கட்டற்றது என்றால் விலையில்லாதது என்பது மட்டும் பொருளன்று. எவரும் அதை எக்காரியத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி அமைந்திருக்கிறதென்று ஆராய்ந்து திருத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் பகிரலாம். இந்த நான்கு உரிமைகளுமே அதன் உயிர்நாடி.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? 2011-ம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன், நமது நாட்டு சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று பழைய மாணவர்களை விசாரித்தால், பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். இது மாணவர்களின் குற்றமன்று. யந்திரம் வந்தது, பழக்குவோர் உடன் வரவில்லை. பக்கத்து மாநிலமாகிய கேரளத்திலோ, 2001-ல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஆசிரியர்களைப் பெருந்தொகையில் பழக்கியது. ஆகவே, கட்டற்ற மென்பொருள் அங்கே வகுப்பறையில் வேரூன்றிவிட்டது.

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் இந்த உண்மையை நன்குணர்ந்தவர்கள். பெரிய நகரத்தின் வசதிகளை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை. சொந்த ஊரிலேயே கூடி, கிராமத்து மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறார்கள். தாம் அறிந்ததைத் தம்மவருக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் கைக்கொண்ட முறை.

இத்தொண்டில் இறங்க விரும்புவோருக்கு நாம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். புதியவனிடம் உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா என்ற தர்க்கத்தைத் தொடங்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்து கொடுங்கள். பின்னர் அவனே மாற்றிக்கொள்வான். முதல் நாளே பழையதை அழித்துவிடாமல், ஒரு பென்டிரைவிலிருந்து புதியதை இயக்கிக் காட்டுங்கள். உள்ளேயிருக்கும் கோப்புகளுக்குச் சேதமில்லாமலே வைஃபையும் ஒலியும் அச்சு யந்திரமும் சரிவர வேலை செய்கின்றனவா என்பது விளங்கிவிடும். நிறுவுவதற்கு முன் அவனுடைய படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கட்டளை வரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டி, லிபர் ஆபீஸில் ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டானானால், பாதி அச்சம் தீர்ந்துவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, விசைப்பலகை அவன் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் செய்து காட்டுவது மறந்துபோகும். அவன் செய்தது நிலைக்கும்.

குறைகளை மறைப்பதும் தகாது. டாலி கணக்கு மென்பொருளை நம்பி வியாபாரம் நடத்தும் கடைக்காரரிடம், விண்டோஸை உடனே விட்டுவிடும்படி சொல்வது அவருக்கு நன்மை செய்வதாகாது. அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டும் இருக்கட்டும். மிகையாகச் சொல்லி ஒருவரை அழைத்து வந்தால், முதல் இடையூறிலேயே அவர் திரும்பிப் போவார். மறுமுறை அழைத்தாலும் வரமாட்டார்.

இதற்கு இதுவே தக்க தருணம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் யந்திரத்தைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளுவதா, லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் உழைக்கச் செய்வதா என்பதை ஏழைக் குடும்பத்துப் பெற்றோரிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ரயிலில் ஒரு மணிக்கும் குறைந்த பிரயாணந்தான். அங்கும் சர்க்கார் கலைக் கல்லூரி இருக்கிறது. படித்த வாலிபர்கள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமும், ஒரு மேஜையும், இரண்டு பென்டிரைவும், பொறுமையுள்ள நான்கு பேரும் இருந்தால் ஊருக்கு ஊர் இப்பணியை ஆரம்பித்துவிடலாம். தேசத் தொண்டில் நாட்டமுள்ளவர்கள் அடுத்த பிரசங்கத்துக்கு நாள் குறிக்குமுன், ஒரே ஒரு புதியவனைக் கைபிடித்து அழைத்து வருவார்களாக.