இருபது ஹெக்டேருக்குள் ஒரு விவாதம்

செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்காவுக்குப் பள்ளி விடுமுறையில் ஒருமுறை போய் வருவோர் பலர். அங்கே போவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ரசிகர்களும் இருக்கிறார்கள். எந்தச் சவாரிக்குக் காலையில் முதலில் ஓட வேண்டும், எந்த இருக்கையில் அமர்ந்தால் அதிகம் நனையலாம், மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவர்கள் நான்கு பேர் கூடினால் போதும், பூங்காவின் வடிவமைப்பில் என்ன குறை, அதன் விரிவாக்கம் சரியான வழியில் போகிறதா என்ற விவாதம் தொடங்கிவிடும்.

ஒரு கேளிக்கைப் பூங்காவைப் பற்றி இவ்வளவு வாதம் தேவையா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால், நிலம் குறைந்த ஒரு நாட்டில் ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்கு எதை இடிக்கலாம் என்ற கேள்வி இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்வி சிறியதன்று.

முதலில் எல்லாரும் சொல்லும் குறையைப் பார்ப்போம். பூங்கா சிறியது என்பதுதான் அது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 20 ஹெக்டேர். ஹாலிவுட், நியூயார்க், பண்டைய எகிப்து, டைனோசர்கள் உலவும் தொலைந்த உலகம் என்று ஏழு வட்டாரங்கள் ஒரு நீர்நிலையைச் சுற்றி அமைக்கப்பட்டன. ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறு கரை தெரியும். எகிப்தின் மன்னர் சிலைகளுக்கு அருகில் நின்றுகொண்டே விண்வெளி நகரத்தின் தண்டவாளங்களைக் காணலாம். கதை உலகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் மாயம் கலைகிறது என்று ரசிகர்கள் சிலர் குறைப்படுவது இதனால்தான். கூட்டம் இல்லாத நாளில் அரை நாளிலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

சிறியதாக இருப்பது ஒரு குறைதானா? முழங்கால் வலியுள்ள தாத்தாவையும் தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையையும் அழைத்து வரும் குடும்பத்துக்கு இது வசதி. ஒரு சுற்று நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழி தவற வாய்ப்பில்லை. பரப்பளவைக் குறையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாக நடக்கக்கூடியவர்கள்.

மழையைப் பற்றிய குறை அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. அதாவது, ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு நாள். இங்கே பெய்யும் மழையோடு பெரும்பாலும் இடியும் மின்னலும் சேர்ந்தே வரும். பூங்காவைத் திட்டமிட்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நுழைவாயிலை ஒட்டிய ஹாலிவுட் தெருவுக்கு மேல் பெரிய கூரையே போட்டிருக்கிறார்கள். ஆனால், சிக்கல் தெருவில் இல்லை, சவாரிகளில் இருக்கிறது. மின்னல் அபாயம் வந்ததும் திறந்தவெளியில் இருக்கும் ரோலர் கோஸ்டர்களும் படகுச் சவாரியும் நிறுத்தப்படும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் திறந்தவெளியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போவார்கள்? கட்டடத்துக்குள் ஓடும் மம்மி சவாரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கும்தான். அங்கே ஏற்கெனவே நீண்டிருக்கும் வரிசை இன்னும் நீளும். வானிலை சரியாகும் வரை பூங்காவின் ஒரு பகுதி வெறிச்சோடியும் மறுபகுதி திணறியும் கிடக்கும்.

ஆகவே, கூரைக்குள் ஓடும் சவாரிகள் எத்தனை, வெளியே ஓடுபவை எத்தனை என்று ரசிகர்கள் எண்ணிப் பார்ப்பது வீண் வேலை அன்று. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், ஒரு பூங்காவின் தரத்தை நிர்ணயிக்கும் கணக்கு அது.

ரசிகர்கள் அதிகம் பேசும் சவாரி, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. இது இரட்டை ரோலர் கோஸ்டர். ஒன்றில் பயணிகள் தண்டவாளத்துக்கு மேல் அமர்ந்து செல்வார்கள். மற்றொன்றில் தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்கத் தலைகீழாகச் சுழல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மோதிக்கொள்வதுபோல் நெருங்கி வந்து விலகுவதுதான் இதன் சிறப்பு. உயரம் 42.5 மீட்டர். வேகமான தண்டவாளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம்.

பூங்கா திறந்து ஒரு வாரத்துக்குள் ஓர் இருக்கையில் பழுது தெரிய வந்ததால் இந்தச் சவாரி மூடப்பட்டது. மீண்டும் இயங்கியது 2011ஆம் ஆண்டில்தான். 2013இல் மறுபடியும் மூடினார்கள். 2015இல் திறந்தபோது, வரிசைக்கு நான்கு பேர் அமரும் வண்டிகளுக்குப் பதிலாக இருவர் அமரும் வண்டிகள் வந்திருந்தன. விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரசிகர்கள் இந்தக் கதையை இழுப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, கட்டியதை நாள்தோறும் ஓட வைப்பது கடினம். சிறிய பூங்காவில் பெரிய சவாரி ஒன்று நின்றுபோனால் அந்த இழப்பு பளிச்சென்று தெரியும். இருபது பெரிய சவாரிகள் இருக்கும் இடத்தில் ஒன்று மூடியிருந்தால் யாரும் பெரிதாக வருந்தமாட்டார்கள். இங்கோ சிறுவர்கள் வாசலிலேயே முகம் வாடிவிடுவார்கள்.

ரசிகர்கள் சொல்வது அனைத்தும் குறை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதாபாத்திரம் பிடிக்காது, அந்தப் படம் பழையதாகிவிட்டது என்பவை விருப்பு வெறுப்புகள். வரிசையில் நிற்பவர்களுக்கு நிழல் இல்லை, ஒரு வண்டியில் மிகச் சிலரே ஏற முடிவதால் வரிசை நகரவில்லை என்பவை குறைகள். முன்னதைப் பற்றி விடிய விடிய வாதாடினாலும் முடிவு கிடைக்காது. பின்னதை ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டே நிரூபித்துவிடலாம். பல விவாதங்களில் இந்த இரண்டும் ஒரே மூட்டையில் கட்டப்படுவதால், நிர்வாகத்தினர் நியாயமான குறையையும் சேர்த்துப் புறந்தள்ளிவிட வாய்ப்பாகிறது.

இனி, விரிவாக்கத்துக்கு வருவோம். பூங்காவை உள்ளடக்கிய ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசா உல்லாசத் தலத்தை விரிவுபடுத்தும் திட்டம் 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட செலவு ஏறத்தாழ 4.5 பில்லியன் வெள்ளி. 2023இல் அது 6.8 பில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. கடல்வாழ் உயிரினக் காட்சிக்கூடம் முதல் பல பகுதிகள் அந்தத் திட்டத்தில் அடங்கும். பூங்கா ரசிகர்களின் கண் இரண்டு பெயர்கள்மீது மட்டுமே இருந்தது. ஒன்று மினியன் லேண்ட், மற்றொன்று சூப்பர் நிண்டெண்டோ வோர்ல்ட்.

விரிவாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும், இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேரும் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்தது முழுவதும் அப்படி இல்லை. மினியன் லேண்டுக்கு இடம் கொடுப்பதற்காக, தொடக்கத்திலிருந்தே இருந்த மடகாஸ்கர் வட்டாரம் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது. புதிய வட்டாரம் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், சிறிய பூங்கா மேலும் சிறியதாக இருந்தது.

மடகாஸ்கரில் ஒரு படகுச் சவாரி இருந்தது. மரப்பெட்டி போன்ற படகில் ஏறினால், அது கட்டடத்துக்குள் ஓடும் நீரோடையில் மெல்ல மிதந்து செல்லும். சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் நியூயார்க் விலங்குத்தோட்டத்திலிருந்து தப்பித் தீவுக்குப் போய்ச் சேரும் கதையை இருபுறமும் பார்த்துக்கொண்டே போகலாம். வேகம் இல்லை, தலைச்சுற்றல் இல்லை, மழைக்குப் பயமும் இல்லை. பரபரப்பை நாடும் இளையர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை என்பது உண்மையே. பலர் கால் வலிக்கு ஓய்வாகத்தான் அதில் ஏறினார்கள். ஆனால், பாட்டியும் மூன்று வயதுப் பேரனும் ஒரே இருக்கையில் அருகருகே உட்கார்ந்து போகக்கூடிய சவாரிகள் ஒரு பூங்காவில் எத்தனை இருக்கும்? எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். அத்தகைய ஒன்றை எடுத்துவிட்டால், பாட்டி பைகளைக் காத்துக்கொண்டு வெளியே அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

மறுபக்க வாதத்திலும் வலு இருக்கிறது. மினியன் லேண்டும் சிறுவர்களை மனத்தில் கொண்டு கட்டப்பட்டதுதான். மினியன்கள் ஆடிப்பாடும் அதன் சுழல் ராட்டினம் குழந்தைகளுக்கு ஏற்றது. இன்றைய ஐந்து வயதுப் பிள்ளைக்கு மடகாஸ்கர் படத்தின் சிங்கத்தைவிட மஞ்சள் நிற மினியனையே நன்றாகத் தெரியும். பழைய வட்டாரத்தை அப்படியே வைத்துக்கொள் என்று பூங்காவைக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டம் வராவிட்டால் பூங்காவே இருக்காது. நிர்வாகத்தின் நிலை மத்தளத்தின் நிலைதான். மாற்றாவிட்டால் பழையது என்பார்கள், மாற்றினால் எங்கள் படகு எங்கே என்பார்கள். இருந்தாலும், புதிய வட்டாரத்தின் முக்கியச் சவாரி, திரையைப் பார்த்தபடி அசையும் இருக்கையில் அமரும் வகையைச் சேர்ந்தது. படகு தந்த நிதானத்துக்கு அது ஈடாகாது. எத்தனை சவாரிகள் கூடின என்று எண்ணுவதைவிட, எந்த வகைச் சவாரி குறைந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

இதே சிக்கலில் உலகின் பெரிய நிறுவனங்களும் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 2001ஆம் ஆண்டு கலிஃபோர்னியா அட்வென்சர் என்ற பூங்காவைத் திறந்தது. அடுத்த வாசலிலேயே 1955ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் டிஸ்னிலேண்ட் இருந்ததால், ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் புதியதைக் கடுமையாகக் குறைகூறினார்கள். சிறுவர்கள் ஏறச் சவாரிகள் போதவில்லை என்பது முக்கியமான குறைகளில் ஒன்று. நிறுவனம் அதை அலட்சியப்படுத்தவில்லை. மறு ஆண்டே பூச்சிகளின் உலகம் போன்ற ஒரு சிறுவர் பகுதியைத் திறந்தது. பிறகு, 2007இல் அறிவித்து 2012இல் முடித்த பெருந்திட்டத்தின்கீழ் நுழைவாயில் உட்படப் பூங்காவின் பெரும்பகுதியை மாற்றி அமைத்தது. ரசிகர்களின் முணுமுணுப்பு, கட்டிய பூங்காவையே திருத்த வைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், கதை அங்கே முடியவில்லை. அந்தச் சிறுவர் பகுதியே 2018இல் மூடப்பட்டு, அவெஞ்சர்ஸ் வீரர்களுக்கான வட்டாரமாக 2021இல் மாறியது. குறையைச் சரிசெய்யக் கட்டியதையே அடுத்த விரிவாக்கம் விழுங்கிவிட்டது. சிறுவர்களால் தங்களுக்காக வாதாட முடியாது என்பதால், இடம் தேவைப்படும்போது முதலில் அவர்களுடைய மூலைதான் கண்ணில் படுகிறது போலும்.

சிங்கப்பூரில் சூப்பர் நிண்டெண்டோ வோர்ல்ட் இன்னும் கட்டப்பட்டு வருகிறது. அதன் மூத்த சகோதரி ஜப்பானின் ஒசாகா நகரில் 2021ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. மாரியோ விளையாட்டின் காட்சிக்குள் நுழைந்துவிட்டோமோ என்று எண்ண வைக்கும் அழகான வட்டாரம் அது. நாற்புறமும் மலைகளும் கோட்டையும் சூழ, கிண்ணம்போல் அமைந்திருக்கிறது. அழகுக்குக் காரணமான அந்தக் கிண்ண அமைப்பே நெரிசலுக்கும் காரணமாகிறது. கூட்டம் மிகுந்த நாள்களில் அந்த வட்டாரத்துக்குள் நுழையவே நேரம் குறித்த தனி அனுமதி தேவைப்படுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் டாங்கி காங் பகுதியைச் சேர்த்து, அந்த வட்டாரத்தின் பரப்பை ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டினார்கள். ஒசாகாவில் அப்படிக் கூட்டுவதற்கு இடம் இருந்தது. செந்தோசாவில் முதல் முறையே சரியாகக் கட்டியாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கட்டடங்களும் இடம் தரமாட்டா.

அதனால்தான் ரசிகர்கள் இப்போதே பேசுவது நல்லது. திறப்பு விழாவுக்குப் பிறகு சொல்லும் குறை புலம்பலாக மட்டுமே மிஞ்சும். கட்டுமானம் நடக்கும்போது சொல்வதற்கு ஒருவேளை பலன் இருக்கலாம். அவர்கள் கேட்க வேண்டியவை மாரியோவின் தொப்பி எந்தச் சிவப்பில் இருக்கும் என்பது போன்றவை அல்ல. வரிசை எங்கே நிற்கப்போகிறது, அதன்மேல் கூரை உண்டா, மின்னல் நேரத்தில் எத்தனை பேரை அந்த வட்டாரம் உள்ளே வைத்துக்கொள்ளும், பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏற அங்கே என்ன இருக்கிறது? புதிய வட்டாரம் திறக்கும் நாளன்று பெரும்பாலானோர் கோட்டையை நிமிர்ந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையான ரசிகர்கள் சிலர் மட்டும், வரிசை போகும் பாதையில் காற்றாடி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.