ரேசருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?



நாலு மாசம் முன்னாடி ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தார். வயசு 26. ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலை. கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். சிலதில் சீழ். சிலது ஆறிக் கருந்தழும்பாக நின்றது.

"எதுல தம்பி ஷேவ் பண்றீங்க?" என்று கேட்டேன்.

பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே டைட்டானியத்தில் செய்த சேஃப்டி ரேசர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. 24,000 ரூபாய். அவருடைய ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். ஆறு மாசத் தவணை.

"இதுக்கு மேல நல்ல ரேசரே கிடையாதுன்னு வீடியோல சொன்னாங்க சார். இதுலயும் வருதுன்னா, என் தோல்லதான் ஏதோ கோளாறு."

அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

சேஃப்டி ரேசர் என்றால் வேறொன்றும் இல்லை. நம்ம அப்பாக்கள் வைத்திருந்தார்களே, கைப்பிடியைத் திருகிக் கழற்றி, இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடை உள்ளே வைப்பது. அதேதான். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அடிப்படை இன்று வரை மாறவில்லை.

இதில் முடியை வெட்டுவது எது?
பிளேடு.
கைப்பிடி இல்லை. மூடி இல்லை. டைட்டானியமும் இல்லை.

24,000 ரூபாய் ரேசருக்குள் போவதும் அதே பிளேடு, 100 ரூபாய் ரேசருக்குள் போவதும் அதே பிளேடு. பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பது.

அப்படியானால் ரேசரின் வேலை என்ன? பிளேடை ஆடாமல் பிடிக்கணும். விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டணும், எந்தக் கோணத்தில் தோலில் படணும் என்பதைச் சரியாக வைக்கணும். அது வடிவமைப்பு. மலிவான உலோகத்திலும் அதை நன்றாகச் செய்யலாம். விலையுயர்ந்த உலோகத்திலும் சொதப்பலாம்.

சரி, "கனமான ரேசர்னா அதோட எடையே வேலையைப் பார்த்துக்கும், தோல் தப்பிக்கும்" என்று சொல்றாங்களே?

ஒரு கன சென்டிமீட்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 8 கிராம். மலிவு ரேசர்களில் வருகிற துத்தநாகக் கலவை சுமார் 6.6 கிராம். டைட்டானியம்? வெறும் 4.5 கிராம். கனம்தான் நல்லது என்றால், இருப்பதிலேயே விலை கூடின டைட்டானியம் தோற்றுப்போகணும். டைட்டானியம்தான் நல்லது என்றால், கனம் பற்றிய பேச்சு பொய்யாகணும். இரண்டையும் ஒரே வாய் சொன்னால், அது விற்பனை வாய்.

அடுத்து, "டைட்டானியத்துல நிக்கல் இல்ல, அலர்ஜி வராது."

நிக்கல் அலர்ஜி உண்மையான விஷயம்தான். கவரிங் நகை போட்டால் காது அரிக்கும். ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்தில் தொப்புளுக்குக் கீழே தடிக்கும். ஆனால் அங்கெல்லாம் உலோகம் மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. ரேசர் ஓர் இடத்தில் படுவது சில நொடிகள். ஷேவ் பண்ணிய பிறகு எரிகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது பிளேடையும் வாசனை க்ரீம், லோஷன்களையும்தான். உறுதியான நிக்கல் அலர்ஜி உள்ளவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் ரேசர். அதிலும் நிக்கல் கிடையாது!

அப்போ காசு கொடுப்பதே வீணா? இல்லை. நியாயமாகச் சொல்லணும்.

துத்தநாகக் கலவை ரேசரில் மேல்பூச்சு உரிந்தால் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். பாத்ரூமில் கை தவறி விழுந்தால் திருகு மரை உடையலாம். பித்தளையும் ஸ்டீலும் பல வருஷம் உழைக்கும். ஆகவே 1,500 அல்லது 2,000 ரூபாய்க்கு உறுதியான ஒன்றை ஒரே தடவை வாங்குவது நல்ல செலவு என்பது என் கருத்து. அதற்கு மேல் கொடுப்பது அழகுக்கும் ஆசைக்கும். கைக்கடிகாரம் மாதிரி. ஆசைப்பட்டு வாங்கினால் தப்பே இல்லை. மருந்து என்று நினைத்து வாங்குவதுதான் தப்பு.

அந்தத் தம்பியின் பிரச்சனைக்கு வருவோம்.

அவருக்குச் சுருள் தாடி. சுருள் முடியை ஒட்ட வெட்டினால், கூர்மையான நுனி வளைந்து மறுபடி தோலுக்குள் குத்தும். உடம்பு அதை முள் குத்தின மாதிரி எடுத்துக்கொண்டு வீங்கும். எவ்வளவு மழமழவென்று ஷேவ் பண்றீங்களோ, அவ்வளவு குத்தும். அதாவது அவர் வாங்கிய ரேசர் கெட்டது இல்லை. "வழுவழுன்னு ஒட்ட வழிக்கும்" என்று எதற்காக வாங்கினாரோ, அதுவே அவருக்கு வினை.

கேட்டால், "ரேசர் விலை அதிகம், பிளேடையாவது மிச்சம் பிடிப்போம்" என்று ஒரே பிளேடை மூணு வாரம் ஓட்டியிருக்கிறார்.

2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். முடி, பிளேடு எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மை. ஆனாலும் முடி வளைந்து சில கோணங்களில் படும்போது, விளிம்பில் நுண்ணிய சில்லு பெயர்ந்துவிடுகிறது. சில்லு போன பிளேடு முடியை இழுக்கும். நீங்கள் அழுத்துவீங்க. தோல் கிழியும்.

ஆகவே, காசு மிச்சம் பிடிக்கிற இடம் ரேசர். தாராளமாக இருக்க வேண்டிய இடம் பிளேடு.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

* குளித்த பிறகு, முடி ஊறின நிலையில் ஷேவ் பண்ணுங்க.
* முடி வளர்கிற திசையிலேயே வழியுங்க. கழுத்தில் திசை மாறும். விரலால் தடவிப் பாருங்க.
* தோலை இழுத்துப் பிடிக்காதீங்க. அழுத்தாதீங்க.
* நாலைந்து ஷேவிங்குக்கு ஒரு பிளேடு. இழுக்கிற மாதிரி இருந்தால் அதற்கு முன்பே மாத்துங்க.
* கொப்புளத்துக்கு மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கித் தடவாதீங்க. சீழ் இருந்தால் டாக்டரைப் பாருங்க.

இன்னொன்று. "அப்பா வாங்கி மகனுக்குக் கொடுக்கிற ரேசர்" என்று விற்கிறார்கள். கொடுங்க. ஆனால் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பயன்படுத்தாதீங்க. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கறை போதும். டைட்டானியம் அதைத் தடுக்காது. சலூனிலும் உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்க. கூச்சப்பட வேண்டாம்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு சின்னக் களிம்பு, ஒரு மாசம் ரேசர் விடுமுறை. "ஐயோ சார், கிளீன் ஷேவ் இல்லன்னா வேலைக்கு விட மாட்டாங்க" என்றார். அப்போதுதான் புரிந்தது, அவர் ஏன் 24,000 வரை போனார் என்று.

லெட்டர்ஹெட்டை எடுத்து, "இவருக்குத் தோல் பாதிப்பு உள்ளது, டிரிம்மரால் 1 மி.மீ. அளவில் தாடி வைத்திருக்க அனுமதிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

போன வாரம் வந்தார். புதுக் கொப்புளம் இல்லை. தழும்பு மறைய நாளாகும்.

ரேசர் தவணை இன்னும் இரண்டு பாக்கியாம்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு காகிதம். உங்கள் முகத்திலும் இப்படி வந்தால், அடுத்த ரேசரை ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் கழுத்தைக் காட்டுங்க.